ஓரத்தையும் சேர்த்துக் கொடுங்க

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனை இயக்குநர் அவர்களே! ஆய்வுக்கூடத்துத் தோழர்களே! வேலை நேரத்தில் அனுமதி வாங்கி வந்திருக்கும் செவிலியர்களே! முன்வரிசையில் இருக்கும், இன்று நாம் நினைவுகூர வந்திருக்கும் அம்மாவின் கணவர், நாங்கள் எல்லோரும் 'கணக்கு சார்' என்று அழைக்கும் பெரியவர் அவர்களே! அவருடைய மகளே, மருமகனே! நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் நோயாளிகளே, அவர்களைக் கைப்பிடித்து அழைத்து வந்திருக்கும் உறவுகளே! அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. வாயை முகமூடியால் மூடிக்கொண்டு செய்கிற வேலை என்னுடையது. நெஞ்சறுவை மருத்துவன் நான். வேண்டியதைக் கையை நீட்டிக் கேட்டே பழகிவிட்டேன். அம்மா என்னைக் 'கத்தி' என்றுதான் கூப்பிடுவார். தனியாக அல்ல, நோயாளிகள் முன்னாலேயே! "கத்தி சார் வந்துட்டாரு, வழி விடுங்க" என்பார். அறுவைக்குக் காத்திருக்கும் நோயாளி அதைக் கேட்டால் என்ன ஆவார்? சொன்னாலும் கேட்கமாட்டார். அப்படிக் கூப்பிட இனி இந்தக் கட்டடத்தில் ஆள் இல்லை என்பது எனக்கு இன்னும் உறைக்கவில்லை. நேற்று ஒரு அறுவை சிகிச்சை முடிந்ததும், வெட்டியெடுத்த துண்டு இருந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவர் அறை வரைக்கும் போய்விட்டேன். கதவு பூட்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் நினைவு வந்தது.

காலையில் வேலைக்குக் கிளம்பி வாசலில் செருப்பை மாட்டும்போது விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. நுரையீரல் புற்றுநோயோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டியவரை இதயம் கொண்டுபோய்விட்டது. வலி இல்லாமல் போனார் என்று சொல்கிறார்கள். அது நமக்கு ஆறுதலா? எனக்குத் தெரியவில்லை.

அவர் அறைக் கதவில் ஒரு பலகை இருக்கிறது. முனைவர், பேராசிரியர், செல் ஆய்வுத் துறைத் தலைவர் என்று நீளமாக எழுதியிருக்கிறது. அதை யாராவது முழுதாகப் படித்திருக்கிறீர்களா? நமக்கு அவர் பக்கத்துவீட்டு அம்மா. அவர் இங்கே வந்த புதிதில் ஒரு கூட்டம். திரையில் ஒரு கட்டியின் ஸ்லைடு. நாங்கள் எல்லோரும் புற்றுச்செல்களையே பார்த்து வாதாடிக்கொண்டிருந்தோம். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அதெல்லாம் சரி. பக்கத்து வீட்டுல யாரு இருக்கா?" கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து திரையில் விரலை வைத்து, கட்டியைச் சுற்றியிருந்த மெல்லிய நார்ச்செல்களைக் காட்டினார். "இவங்களை ஏன் யாருமே பேர் சொல்லிக் கூப்பிடமாட்டேங்கிறீங்க?" என்று கேட்டார். அன்றைக்கு ஒட்டிய பெயர்தான் அது.

மேடையில் இருக்கும் விஞ்ஞானிகள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். எதிரில் இருப்பவர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். நுரையீரல் என்பது ஒரே வகைச் செல்லால் ஆனதல்ல. காற்றை வாங்கும் செல்கள் இருக்கின்றன, அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் நார்ச்செல்கள் இருக்கின்றன, காவல் செல்கள் இருக்கின்றன, இரத்தக்குழாய்கள் இருக்கின்றன. இவை சும்மா பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. ஓயாமல் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. வளரு, நில், இங்கே புண், இங்கே சரியாகிவிட்டது, இப்படி. புற்றுச்செல் ஒன்று கெட்டுப்போய்ப் பெருகும்போது, அதுவும் இந்தப் பேச்சுக்குள்தான் இருக்கிறது. பக்கத்துவீடு சொல்வதை அது கேட்கிறது. அது சொல்வதைப் பக்கத்துவீடு கேட்கிறது.

அப்போதெல்லாம் நாங்கள் என்ன செய்தோம்? கட்டியிலிருந்து செல்களை எடுத்து வளர்க்கும்போது, கூடவே முளைக்கும் நார்ச்செல்களைக் களை என்று சொல்லி நீக்கிவிடுவோம். சுத்தமான புற்றுச்செல் மட்டும் இருந்தால்தான் நல்ல ஆய்வு என்று பெயர். அம்மா அந்தக் களையைத் தனிக் கிண்ணத்தில் போட்டு வளர்த்தார். என்னிடமும் விடாமல் கேட்பார். "கத்தி, கட்டியை மட்டும் குடுத்தா எப்படி? ஓரத்தையும் சேர்த்துக் கொடுங்க." கட்டியைச் சுற்றியுள்ள நல்ல நுரையீரல்தான் அந்த ஓரம். நான் சும்மா இருப்பேனா? "திருடனைப் பிடிச்சுக் குடுத்தா, பக்கத்து வீட்டுக்காரனை விசாரிக்கணும்னு நிக்கிறீங்களேம்மா" என்பேன். உடனே பதில் வரும்: "திருடனுக்குச் சோறு போட்டது யாருன்னு தெரிய வேணாமா உங்களுக்கு?"

தெரிந்தது! ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். புற்றுச்செல்லைக் கொல்லும் மருந்து ஒன்று. சுத்தமான புற்றுச்செல்கள் இருந்த கிண்ணத்தில் போட்டார், செத்துப்போயின. இன்னொரு கிண்ணம். அதே செல்கள், அதே மருந்து. ஆனால் நார்ச்செல்கள் குடித்து மீதம் வைத்திருந்த ஊட்டநீரைக் கொஞ்சம் அதில் விட்டிருந்தார். அந்த நீரில் ஒரு நார்ச்செல்கூடக் கிடையாது. வடிகட்டிய வெறும் நீர். அதில் இருந்ததெல்லாம் பக்கத்துவீட்டார் அனுப்பிய செய்தி மட்டும்தான். அந்தக் கிண்ணத்துச் செல்கள் சாகவில்லை. நன்றாக, கொழுகொழுவென்று பெருகியிருந்தன. நான் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றேன். என் நோயாளிகளுக்குக் கொடுத்த மருந்து கொஞ்ச காலம் கேட்டுவிட்டுப் பிறகு கேட்காமல் போவதற்கு ஒரு காரணம் என் கண் முன்னால் இருந்தது. அன்றிலிருந்து ஓரத்தைக் கேட்காமலே கொடுத்தேன்.

அப்படியானால் அடுத்து என்ன? திருடனோடு சேர்த்துப் பக்கத்துவீட்டையும் இடித்துவிட வேண்டியதுதானே! அம்மாவும் அப்படித்தான் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். நார்ச்செல்களை ஒழிக்கும் மருந்து ஒன்றை அவருடைய குழு வருடக்கணக்கில் பாடுபட்டு உருவாக்கியது. கிண்ணத்தில் அது பிரமாதமாக வேலை செய்தது. நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதியும் கிடைத்தது. முதலில் யார் யாருக்குக் கொடுப்பது என்று வேறொரு குழு முடிவு செய்தது. அதில் அம்மாவுக்குப் பங்கில்லை. அவர்கள் தேர்ந்தெடுத்த சிலரில் ஒருவர் அம்மாவின் தம்பி.

ஆமாம். உங்களில் பலருக்கு இது தெரியாது. அம்மாவின் ஒரே தம்பி, பேருந்து ஓட்டுநர், புகைப்பழக்கம் இல்லாதவர், அவருக்கு நுரையீரலில் கட்டி. அவருடைய நுரையீரலின் ஒரு மடலை எடுத்தவன் நான்தான். கட்டி பிறகு திரும்பி வந்தது. மருந்து கொஞ்ச காலம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. அவ்வளவிலும் மனிதருக்கு வாய் மட்டும் குறையவில்லை. வார்டில் படுத்துக்கொண்டு என்னிடம் சொல்வார்: "எங்க அக்கா சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான் டாக்டர். பக்கத்து வீட்டுல என்ன பேசறாங்கன்னு ஒட்டுக்கேக்கறது. இப்ப அதுக்குச் சம்பளம் வேற குடுக்கறீங்க!" அம்மா அவர் தலையில் ஒரு தட்டு தட்டுவார். இருவரும் சிரிப்பார்கள். அந்தப் புது மருந்துதான் அந்தக் குடும்பத்துக்கு இருந்த ஒரே நம்பிக்கை.

நண்பர்களே, இப்போது நான் சொல்லப்போவதுதான் பக்கத்துவீட்டு அம்மா யார் என்பது.

மருந்து கொடுக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு அறுவை சிகிச்சையின்போது அம்மா உள்ளே வந்து நின்றிருந்தார். நான் எடுத்து வைத்த நுரையீரல் துண்டைக் கையுறை போட்ட விரலால் தொட்டுப் பார்த்தார். ஓரத்தைத் தொட்டார், கட்டியைத் தொட்டார். மறுபடி ஓரத்தைத் தொட்டார். "பஞ்சு மாதிரி இருக்கு கத்தி" என்றார். நுரையீரல் பஞ்சு போலத்தானே இருக்கும், இதில் என்ன அதிசயம் என்று நினைத்தேன். அவர் மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் கிண்ணத்தை விரலால் தட்டினார். டக் டக். "இது கல்லு. பஞ்சுல பொறந்தவனைக் கல்லுல உட்கார வெச்சுட்டு, ஏண்டா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கேன்னு கேட்டுக்கிட்டு இருக்கோம் நாம" என்றார். நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டார்.

புரிகிறதா? நல்ல நார்ச்செல்லை எடுத்துக் கெட்டியான பிளாஸ்டிக்கில் வளர்த்தால், தான் ஏதோ புண்ணுக்குள், வடுவுக்குள் இருப்பதாக அது எடுத்துக்கொள்கிறது. விறைத்துக்கொள்கிறது. வளரு வளரு என்று செய்தி அனுப்பத் தொடங்குகிறது. நாங்கள் இத்தனை வருடம் பார்த்த பொல்லாத பக்கத்துவீட்டாரில் எத்தனை பேர் நிஜமாகவே பொல்லாதவர்கள்? எத்தனை பேரை எங்கள் கிண்ணமே பொல்லாதவர்களாக ஆக்கியது? ஊரில் வேறு யாரும் செய்ய முடியாத தவறு இது. செல் வளர்ப்பவர்கள் மட்டும்தான் இப்படி ஏமாற முடியும்!

நுரையீரலின் மென்மைக்கு ஏற்றபடி, கூழ் போன்ற ஒரு ஜெல்லை அம்மா தயாரித்தார். பல முறை அது தண்ணீராக ஓடியது, பல முறை ரப்பராக இறுகியது. கடைசியில் பதம் வந்தது. அதில் என் டப்பாக்களில் வந்த ஓரத்துச் செல்களை வளர்த்தார். அவை அமைதியாக இருந்தன. அவற்றோடு புற்றுச்செல்லைச் சேர்த்தார். புற்றுச்செல்களின் வளர்ச்சி குறைந்தது! 'நில்' என்று சொல்லும் பக்கத்துவீட்டாரும் இருந்தார்கள். கட்டியை ஒட்டி இருந்தவர்களில் சிலர் தூண்டினார்கள், சிலர் தடுத்தார்கள். எங்கள் மருந்து இருவரையும் சேர்த்தே கொன்றது. தடுப்பவர்களும் செத்த கிண்ணங்களில் புற்று முன்னைவிட வேகமாக ஓடியது.

அடுத்த வாரக் கூட்டத்தில் அம்மா எழுந்தார். "நான் பாதி தப்பு. இந்த மருந்தை யாருக்கும் குடுக்கக்கூடாது" என்றார். அன்றைக்கு இருந்த இயக்குநர், இப்போதையவர் அல்ல, நல்ல மனிதர்தான், தவித்துப்போய்க் கேட்டார்: "இவ்வளவு தூரம் வந்த பிறகா சொல்றீங்க?" அம்மா குரலை உயர்த்தவே இல்லை. "தூரமா வந்துட்டதால தப்பான வழி சரியான வழி ஆயிடுமா சார்?"

அந்த வழியின் முடிவில் அவர் தம்பி உட்கார்ந்திருந்தார் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பெயரையும் புகழையும் விட்டுக்கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இது அதைவிடப் பெரியது இல்லையா?

செய்தியைத் தம்பிக்குச் சொல்ல அவரே நேரில் போனார். "கத்தி, கூட வாங்க. நான் அழுதுட்டா மீதியை நீங்க சொல்லுங்க" என்றார். போனோம். சின்ன வீடு. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் உருளை. அம்மா அழவில்லை. எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னார். தம்பி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஒண்ணே ஒண்ணு சொல்லுக்கா. இதை வேற யாருக்காச்சும் குடுப்பியா?" என்றார்.

"மாட்டேன்."

"அப்ப எனக்கும் வேணாம். பிரேக் பிடிக்காதுன்னு தெரிஞ்ச வண்டியில நானும் ஆளை ஏத்தமாட்டேன்."

ஆனால் தம்பியின் மனைவி வாசற்படியில் நின்றிருந்தார். அவர் கேட்டார்: "பிரேக் இல்லாத வண்டியோ என்னவோ அண்ணி, வேற வண்டி இருக்கா எங்களுக்கு?"

அம்மா, "இல்லம்மா. இப்போதைக்கு இல்ல" என்றார்.

அந்தக் கேள்வி நியாயமானது. அதை அன்றைக்கும் நான் நியாயம் என்றுதான் நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான். மழைக்காலம் முடிவதற்குள் தம்பி போய்விட்டார். 'மருந்தைக் கையில வெச்சுக்கிட்டே என் புருஷனை விட்டுட்டாங்க' என்று அந்தப் பெண் சொன்னார். அம்மா அதன்பின் பல முறை அந்த வீட்டு வாசலில் போய் நின்றார். கதவு திறக்கவில்லை.

இடையில் அம்மா ஒன்று செய்தார். தம்பியின் அறுவையில் நான் கொடுத்த டப்பாவில் கட்டியும் இருந்தது, ஓரமும் இருந்தது. இரண்டையும் அவர் உறைய வைத்துப் பாதுகாத்திருந்தார். அதை எழுப்பி, ஜெல்லில் சேர்த்து வளர்த்து, நிறுத்திய அந்த மருந்தைப் போட்டுப் பார்த்தார். தம்பிக்கே கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கிண்ணம் சொன்ன பதில் ஒன்றுதான்: கட்டி இன்னும் வேகமாக வளர்ந்திருக்கும். எனக்கு மனம் தாங்கவில்லை. "இதை அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடலாமேம்மா" என்றேன். அவர் மறுத்துத் தலையை அசைத்தார். "அவ இப்ப என்மேல இருக்கிற கோபத்துலதான் எழுந்து வேலைக்குப் போறா, பிள்ளைகளைப் பாக்கறா. வாதத்துல ஜெயிக்கிறதுக்காக அதைப் போய்ப் பிடுங்கவா? அவளா கேக்கட்டும், சொல்றேன்." எனக்குக் கோபம்தான் வந்தது. இப்படியும் ஒரு பிடிவாதமா!

அதற்குப் பிறகு அவர் பிடித்துக்கொண்டது ஒரே வேலை. பக்கத்துவீட்டை இடிக்காதே, கெட்ட பேச்சை மட்டும் நிறுத்து. தூண்டிவிடும் செய்தியைப் புற்றுச்செல்லின் காதில் விழாமல் அடைக்கும் மருந்து. தடுக்கும் செய்தியைத் தொடக்கூடாது. இந்த மருந்து இப்போது சில நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டு வருகிறது. அவர்களில் சிலர் இதே கூடத்தில் இருக்கிறீர்கள். இது வெற்றியா? இன்னும் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொன்னால் அம்மா அந்தப் பூட்டிய கதவைத் திறந்துகொண்டு வந்து என்னை உதைப்பார்.

முன்வரிசையில் கணக்கு சாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை உங்களில் பலருக்குத் தெரியாது. அவர்தான் அந்தத் தம்பியின் மனைவி. இன்று காலை இந்தக் கூட்டத்துக்கு முன்னால் என்னைத் தேடி வந்தார். என் அறையில் உட்காரக்கூட இல்லை. "டாக்டர், அன்னிக்கே கேட்டிருக்கணும். அந்த மருந்தைக் குடுத்திருந்தா அவரு பிழைச்சிருப்பாரா?" என்றார்.

அவராகவே கேட்டுவிட்டார். அதனால் சொன்னேன். கிண்ணத்தில் நடப்பது உடம்பிலும் அப்படியே நடக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது என்பதையும் சேர்த்தே சொன்னேன். "அண்ணி ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார். பிறகு அவரே, "நான்தான் கதவைத் திறக்கலையே" என்றார். அதன்பின் என்னைப் பார்த்து, "அண்ணி ஓரம் ஓரம்னு சொல்வாங்களே, அவரோடது இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. ஆய்வுக்கூடத்துத் தோழர்கள் சமீபத்தில்தான் அதை மறுபடி எழுப்பி ஜெல்லில் வைத்திருந்தார்கள். சாவியை வாங்கி அம்மாவின் அறையைத் திறந்து, நுண்ணோக்கிக்கு முன்னால் அந்தப் பெண்ணை உட்கார வைத்தேன். எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தேன். இது கட்டி இல்லை, நல்ல பகுதி, அவருடைய சொந்தச் செல்கள், உயிரோடு இருக்கின்றன என்று சொன்னேன். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"நல்லா இருக்காரு."

அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து நடையில் நின்று அழுதேன். இதையெல்லாம் கூட்டத்தில் சொல்லலாமா என்று பிறகு அவரிடம் கேட்டேன். "சொல்லுங்க டாக்டர். எல்லாரும் கேக்கட்டும். ஆனா அந்த ரூமை மட்டும் மூடிடாதீங்க" என்றார்.

இயக்குநர் அவர்களே! அந்த அறையை என்ன செய்வது என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். இடப் பற்றாக்குறை எனக்கும் தெரியும். ஆனால் இத்தனை பேர் முன்னிலையில் சொல்கிறேன்: அந்த அறை மூடப்படாது. நீங்கள் தலையாட்டுவதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள், இனி மாற்ற முடியாது! உறைநிலையில் இருக்கும் ஒவ்வொருவருடைய ஓரமும் அங்கேயே இருக்கும். அந்த ஜெல்லின் பதத்தை அவர் தோழர்கள் விடமாட்டார்கள். புது மருந்தின் முடிவு நல்லதோ கெட்டதோ, அது வரும்போது அவர் எழுந்து நின்று சொன்ன மாதிரியே நாங்களும் எழுந்து நின்று சொல்வோம். இது என் வாக்கு மட்டுமல்ல, இங்கிருக்கும் ஒவ்வொரு கூட்டாளியின் வாக்கும் இது.

அம்மா! நாளைக் காலை எனக்கு ஒரு அறுவை இருக்கிறது. டப்பாவில் கட்டி இருக்கும், ஓரமும் இருக்கும். கேட்க ஆள் இல்லை என்று விட்டுவிடமாட்டேன். நீங்கள் நிம்மதியாக இருங்கள். உங்கள் தம்பி மனைவி வந்திருக்கிறார். முன்வரிசையில், கணக்கு சாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.